தெரியாத பக்கம்

"வெயில் அடிக்கும் நாளில் மாணவர்களை
வெளியே அழைத்துச் செல்க" என்கிறது பாடநூல்.
ஆஸ்லோவில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள்.
இங்கே, வாரங்கர் கரையில்,
நவம்பர் கடைசியில் போன சூரியன்
ஜனவரி இருபத்துமூன்றில்தான் தலைகாட்டியது,
கைமாற்றுக் கேட்க வந்தவன்போல
வாசலோடு நின்றுவிட்டுப் போனது.
நிழலின் அருமை இங்கே யாருக்கும் தெரியாது.
வெயிலின் அருமை தெரியும்.

மூன்றாம் நாள் ஏழாம் வகுப்போடு வெளியே போனேன்.
மீன்மாவு ஆலையின் புகைபோக்கியை அளக்க வேண்டும்.
ஒரு மீட்டர் குச்சியை ராக்னா பனியில் நட்டாள்.
அதன் நிழல் ஓடியது, ஓடியது,
சைக்கிள் கொட்டகையைத் தாண்டி
முப்பத்தெட்டு மீட்டரில் மங்கியது.
புகைபோக்கியின் நிழலோ
கூரைகள்மேல் ஏறி, கல்லறைத் தோட்டம் கடந்து,
மலைச்சரிவில் மான்வேலிகளுக்கு நடுவே
எங்கோ தொலைந்துபோயிருந்தது.
"தேடிக்கொண்டு போகலாமா, தூருன்?" என்றான் ஆந்தே,
மதியம் நார்வேஜிய இலக்கணம் இருப்பதால்.

மெர்ஹாவி மட்டும் சிரிக்கவில்லை.
"எங்கள் ஊரில் உச்சிவெயிலுக்கு
நிழல் செருப்புக்குள் போய்விடும்.
அங்கேயும் இந்தக் கணக்கு ஆகாது."

மறுநாள் மேகம். நல்லதாய்ப் போயிற்று.
ஆசிரியர் அறையின் முகக்கண்ணாடியைக் கழற்றி
ஆலை முற்றத்துப் பனிக்கட்டியில் மல்லாக்கக் கிடத்தினோம்.
புகைபோக்கியின் அடியிலிருந்து கண்ணாடி வரை
இருபத்தொரு மீட்டர்.
இனிப் பின்னால் நடக்க வேண்டும்,
குனியாமல், கண்ணாடியை மட்டும் பார்த்தபடி,
புகைபோக்கியின் நுனி அதற்குள் விழும்வரை.

யாரோ மூச்சு விட்டுக் கண்ணாடி மங்கியது.
கையுறையால் துடைத்ததில் கம்பளி நார் ஒட்டியது.
ஒரு கடற்காகம் நடுவே வந்து
தன்னையே கொத்திப் பார்த்தது.

ஆந்தேயின் கண் நூற்றைம்பது சென்டிமீட்டர் உயரத்தில்;
சரியாக நூறில் நின்றான்.
ராக்னா நூற்று முப்பத்தெட்டு; தொண்ணூற்றிரண்டில் நின்றாள்.
நான் நூற்று அறுபத்திரண்டு; நூற்றெட்டில் நின்றேன்.
எல்லோருக்கும் ஒரே புகைபோக்கி:
முப்பத்தொன்றரை மீட்டர்.
"குள்ளமாக இருந்தால் கிட்டே நிற்க வேண்டும்,
அவ்வளவுதானே?" என்றாள் ராக்னா.
வடிவொத்த முக்கோணம் பற்றி
நான் தயாரித்துவைத்த பதினான்கு வரியையும்
அப்படியே மடித்துப் பையில் வைத்தேன்.

மணி அடித்த பிறகும் மெர்ஹாவி போகவில்லை.
அவனுக்கு ஒரு மணிக்கூண்டு வேண்டும்.
கெரெனுக்குப் பக்கத்தில், விட்டுவந்த ஊரில் இருக்கிறது.
இருக்கிறதா என்பது வேறு கேள்வி.
கிளம்பிய நாள் காலை
லாரிக்குக் காத்திருந்தபோது எண்ணினானாம்:
தரையில் பாவிய கற்களில்
கூண்டின் நிழல் இருபத்துமூன்று கல்.
அவன் நிழல் இரண்டு.
"விகிதம் கிடைத்துவிட்டது" என்றான்.
"ஆனால் அன்றைக்கு என் உயரம் என்ன?"

மூன்று பக்கம் தெரிந்தால் நான்காவது வரும்.
இரண்டுதான் இருக்கிறது.
பதினோரு வருடம் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்;
பேசாமல் பலகையைத் துடைத்தேன்.

பிப்ரவரியில் பெற்றோர் கூட்டம்.
மீன் அறுக்கும் வேலையிலிருந்து நேரே வந்த லெத்தே
ரப்பர் பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டுக்
காலுறையோடு உள்ளே வந்தாள்.
அவன் தாய்மொழியில் ஏதோ கேட்டான்.
அவள் என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்,
பிறகு கையை மடக்கி
முழங்கைக்குக் கீழே காற்றில்
ஒரு சின்னத் தலையைத் தடவினாள்.

அந்தக் கை அசையாமல் அங்கேயே நின்றது.
மெர்ஹாவி மண்டியிட்டு நாடாவைப் பிடித்தான்.
நூற்று நான்கு.

மறுநாள் நோட்டில்:
பதினொரு மீட்டர், தொண்ணூற்றாறு சென்டிமீட்டர்.

கல்லை எண்ணி, காற்றில் கை வைத்து எடுத்த அளவுக்கு
சென்டிமீட்டர் வரை எழுதக் கூடாது.
வேறு யார் எழுதியிருந்தாலும்
சிவப்பு மையில் சுழித்து
"தோராயமாகப் பன்னிரண்டு" என்று போட்டிருப்பேன்.

மூடியைத் திறந்த பேனாவை
மூடிவைத்தேன்.